ஈய நஞ்சுக்குக் கீலேஷன் டிரிப்ஸ்: தம்பிக்கும் அவன் மகளுக்கும் ஏற்றலாமா?

கேள்வி
எழுதியவர்: மஞ்சக்குப்பம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன். 36 வயதாகும் என் தம்பி, புதுச்சேரி எல்லையை ஒட்டிய ஒரு சிறு பட்டறையில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறான். பழைய வாகன பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் தகடுகளைப் பிரித்தெடுத்து, உருக்கிப் பாளமாக வார்ப்பதுதான் அங்கே தொழில். ஆறு மாதமாக அவனுக்கு அடிவயிற்றை முறுக்கிப் பிடிக்கும் வலி, விடாத மலச்சிக்கல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. குடல்வாலாக இருக்கலாம் என்று ஒருவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதில் எதுவும் தெரியவில்லை. அல்சர் என்று மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டான். கடைசியாகப் பார்த்த இளம் மருத்துவர்தான் முதன்முதலாக "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். கேட்டவர் கீழுதட்டை இழுத்துப் பிடித்து, பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் மெல்லிய நீலக் கோடு ஓடுவதை எனக்கும் காட்டினார். ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 58 மைக்ரோகிராம் என்று முடிவு வந்தது. ஹீமோகுளோபின் 9.8.

அவன் மகளுக்கு நான்கு வயது. மருத்துவர் சொல்லி அவளுக்கும் கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தோம்; 26 இருக்கிறது. குழந்தை ஓடியாடிக்கொண்டுதான் இருக்கிறாள், வெளியில் ஒன்றும் தெரியவில்லை.

இதற்கிடையில் உறவினர் ஒருவர், உடலில் சேர்ந்த நச்சை நீக்கும் மையம் ஒன்றுக்குத் தம்பியை அழைத்துச் சென்றார். அங்கே முதலில் சில மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு ஆறு மணி நேரச் சிறுநீரைப் பிடித்துப் பரிசோதித்திருக்கிறார்கள். அறிக்கையில் ஈயம், பாதரசம், ஆர்சனிக், காட்மியம் என்று பல உலோகங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே சிவப்புப் பட்டை. தம்பிக்கு 20 முறை, குழந்தைக்கு 10 முறை "கீலேஷன்" டிரிப்ஸ் ஏற்றினால் எல்லாம் வெளியேறிவிடும், அவன் வேலைக்குப் போய்க்கொண்டே வாரம் ஒருமுறை வந்தால் போதும் என்கிறார்கள். முன்பணம் கேட்டிருக்கிறார்கள். இந்த மருந்து உண்மையில் என்ன செய்கிறது, யாருக்குத் தேவை, குழந்தைக்கு ஏற்றலாமா என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுள்ளவளாக இருப்பேன். எங்கள் வீட்டில் ரசம் இன்றும் ஈயச் சொம்பில்தான் வைக்கிறோம். அதையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன்.

மறுமொழி 1
எழுதியவர்: லாஸ்பேட்டை மருத்துவர் (ஓய்வு)

அம்மா, முன்பணத்தை இன்று கட்டாதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். குழந்தைக்கு இந்த அளவில் மருந்து தேவையில்லை. தம்பிக்குத் தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே ஏற்றிக்கொள்வது மட்டும் எந்த நிலையிலும் சரியாகாது.

கீலேஷன் என்ற சொல் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் நண்டு வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்தால் அது விடாது. இந்த மருந்துகளின் மூலக்கூறில் உலோக அயனியைப் பல முனைகளிலிருந்தும் கவ்வும் அணுக்கள் இருக்கின்றன. கவ்வியதும் உலோகம் நீரில் கரையும் பொருளாகிச் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. இந்த வகையின் மூத்த மருந்து டைமர்காப்ரால். இரண்டாம் உலகப் போரின்போது லூயிசைட் என்ற ஆர்சனிக் நச்சுப் பொருளுக்கு முறிமருந்தாக ஆக்ஸ்போர்டில் உருவாக்கப்பட்டதால் அதற்கு பி.ஏ.எல். (பிரிட்டிஷ் ஆன்டி லூயிசைட்) என்ற பெயர் நிலைத்துவிட்டது. நம் பக்கத்தில் மல்லாட்டை என்கிறோமே, அந்த நிலக்கடலையின் எண்ணெயில் கலந்து தசைக்குள் ஆழமாகப் போடும் ஊசி அது. வலி கடுமையாக இருக்கும், நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் போடக்கூடாது. அடுத்து வந்தது கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ., நரம்பு வழியாக ஏற்றுவது. வாய்வழியாகக் கொடுக்கும் சக்சிமர் என்ற மருந்தை 45க்கு மேல் ஈயம் உள்ள குழந்தைகளுக்கென்று அமெரிக்கா 1991இல் அனுமதித்தது. 19 நாள் கொடுக்க வேண்டிய மருந்து, கந்தகம் இருப்பதால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். டி-பெனிசிலமினும் உண்டு, வில்சன் நோயில் சேரும் செம்பை நீக்கத்தான் அதை அதிகம் பயன்படுத்துகிறோம்.

இனி அந்த மருந்துகளால் முடியாதது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் ஈயத்தோடு வேலை செய்தவரின் உடலில் இருக்கும் ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில்தான் கிடக்கிறது, ஏனென்றால் உடல் அதைக் கால்சியம் என்றே நினைத்து அடுக்கி வைக்கிறது. ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். எலும்பில் இருப்பது பாதியாகப் பல பத்தாண்டுகள் ஆகும். மருந்து கவ்வுவது பெரும்பாலும் ரத்தத்திலும் மென்திசுக்களிலும் உள்ளதை மட்டுமே. ஆகவே மருந்து முடிந்த அன்று எடுக்கும் பரிசோதனையில் எண் அழகாகக் குறைந்திருக்கும், சில வாரங்களில் எலும்பிலிருந்து கசிந்து மறுபடியும் ஏறும். அந்த எண்ணைக் காட்டி நோய் தீர்ந்தது என்று சொல்வது எளிது, நம்புவதும் எளிது.

குழந்தை விஷயத்தில் நமக்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ரத்த ஈயம் 20 முதல் 44 வரை இருந்த 780 சிறு குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பாதிக்குச் சக்சிமரும் மறு பாதிக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். முடிவு 2001இல் வெளியானது. சக்சிமர் பெற்ற குழந்தைகளின் ரத்த ஈயம் முதல் சில மாதங்களில் வேகமாகக் குறைந்தது உண்மை. ஆனால் அறிவுத்திறன், நடத்தை ஆகியவற்றைச் சோதித்தபோது இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. ஏழு வயதில் மீண்டும் பார்த்தபோதும் இல்லை. உங்கள் தம்பி மகளின் 26 சரியாக அந்த வரம்புக்குள் விழுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் 10 வயது வரையிலான குழந்தைகளுக்கு 45 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருந்து என்கிறது. 5ஐத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை அகற்றச் சொல்கிறது. 26 என்பது அலட்சியப்படுத்தக்கூடிய எண் என்று இதற்குப் பொருள் அல்ல. அவளுக்கான சிகிச்சை வீட்டுக்குள் இருக்கிறது, டிரிப்ஸ் பாட்டிலில் இல்லை.

தம்பிக்கு வருவோம். 100ஐத் தாண்டினால் பெரும்பாலும் மருந்து கொடுத்தாக வேண்டும். 50க்கும் 100க்கும் இடையில் உடல் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது. அவருக்கு வயிற்று முறுக்கும் ரத்தசோகையும் இருப்பதால் பெரிய மருத்துவமனை ஒன்றில், ஜிப்மர் போன்ற கற்பிக்கும் மருத்துவமனையாக இருந்தால் நல்லது, காட்டுங்கள். வேலையை நிறுத்தியதும் இந்த வலி தானாகவே அடங்குவதை நான் பார்த்திருக்கிறேன்; ஆகவே சில வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்று அவர்கள் சொன்னால் அது அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் விடாத வாந்தி, கடும் தலைவலி, தடுமாற்றம், வலிப்பு இவற்றில் எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஈயம் மூளையைத் தாக்கிய நிலையில் முதலில் டைமர்காப்ரால் போட்டு, நான்கு மணி நேரம் கழித்துத்தான் இ.டி.டி.ஏ. தொடங்குவார்கள், வரிசை மாறினால் ஈயம் மூளைக்குள் இன்னும் அதிகமாகப் போகக்கூடும். மூலைமுடுக்கு மையங்களில் செய்யத் தக்க வேலை அல்ல இது.

வேலைக்குப் போய்க்கொண்டே மருந்து என்பதை அமெரிக்கத் தொழிலக விதிகள் 1978லேயே தடை செய்துவிட்டன. அப்படிச் செய்தால் எண் குறைகிறது என்ற நம்பிக்கையில் மனிதரைத் தூசிக்குள்ளேயே வைத்திருப்பார்கள். மருந்து தன் பங்குக்குத் துத்தநாகத்தையும் சேர்த்து வெளியே இழுக்கும், சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பாதிக்கவும் கூடும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இ.டி.டி.ஏ. என்ற பெயரில் இரண்டு மருந்துகள் உண்டு: கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ. ஒன்று, வெறும் டைசோடியம் இ.டி.டி.ஏ. மற்றொன்று. இரண்டாவது ரத்தத்தில் உள்ள கால்சியத்தையே கவ்விவிடும், இதயம் நின்றுபோகக்கூடும். 2003க்கும் 2005க்கும் இடையில் அமெரிக்காவில் இவ்வகையில் மூன்று உயிர்கள் போயின. அதில் ஒன்று, ஆட்டிசத்துக்கு என்று டிரிப்ஸ் ஏற்றப்பட்ட ஐந்து வயதுச் சிறுவன். அந்த மையத்தில் எந்த மருந்து என்று கேட்டுப் பாருங்கள். குப்பியைக் காட்டத் தயங்கினால் அதுவே பதில்.

மறந்துவிட்டேன்: தம்பி மூட்டுவலிக்கோ வேறெதற்கோ பற்பம், செந்தூரம் ஏதும் சாப்பிடுகிறாரா? நாக பற்பம் என்பது ஈயத்தையே மூலப்பொருளாகக் கொண்டது. குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, கணக்கில் சேர்ப்பதற்காகக் கேட்கிறேன். தம்பி மனைவிக்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள். கருவுற்றிருந்தால் ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும்.

மறுமொழி 2
எழுதியவர்: ஆய்வகத்து ஆள், வில்லியனூர்

மருத்துவர் ஐயா சிறுநீர் அறிக்கையைத் தொடாமல் விட்டுவிட்டார். அது என் வேலை என்பதால் நான் எழுதுகிறேன். மருந்து கொடுத்துவிட்டுச் சிறுநீர் பிடிப்பதைத் தூண்டல் சோதனை என்பார்கள். கவ்வும் மருந்தை யாருக்குக் கொடுத்தாலும், உங்களுக்கோ எனக்கோ கொடுத்தாலும், அடுத்த சில மணி நேரத்தில் சிறுநீரில் உலோகம் கூடித்தான் வரும். ஆனால் அறிக்கையில் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவு, மருந்து எதுவும் சாப்பிடாதவர்களிடம் கண்டது. இரண்டையும் ஒப்பிட்டால் ஊரே சிவப்புப் பட்டையில்தான் நிற்கும். அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அறிவித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஈயத்துக்கு நம்பத்தக்கது சிரையிலிருந்து எடுத்த முழு ரத்தம்தான். விரல் நுனியில் குத்தி எடுத்தால், தோலில் ஒட்டிய தூசியே எண்ணை ஏற்றிவிடும். உங்கள் குழந்தைக்குக் கையில் ஊசி போட்டு எடுத்தார்கள் என்பதால் 26ஐ நம்பலாம்.

ஆர்சனிக் சிவப்பாக வந்தது என்கிறீர்கள். சோதனைக்கு முன் இரண்டு மூன்று நாளில் வீட்டில் மீனோ, இறாலோ, நண்டோ சாப்பிட்டிருந்தார்களா? கடல் உணவில் ஆர்சனோபீட்டைன் என்ற வடிவில் ஆர்சனிக் நிறைய இருக்கும். அது உடலுக்குத் தீங்கு செய்யாமல் சிறுநீரில் அப்படியே வெளியேறும். மொத்த ஆர்சனிக்கை மட்டும் அளக்கும் கருவிக்கு இதுவும் நஞ்சும் ஒன்றுதான். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஆர்சனிக் பார்ப்பதானால் ஐந்து நாள் மீனை நிறுத்திவிட்டு, வடிவம் வடிவமாகப் பிரித்து அளக்கச் சொல்ல வேண்டும். நண்டுக் குழம்பு சாப்பிட்டதற்கு டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

மறுமொழி 3
எழுதியவர்: முதுநகர் வாசகர்

குறுக்கே ஒரு சந்தேகம். என் மாமனாருக்கு இதய ரத்தக் குழாயில் அடைப்பு. பைபாஸ் வேண்டாம், கீலேஷன் ஏற்றினால் அடைப்பில் உள்ள கால்சியம் கரைந்துவிடும் என்று ஓர் இடத்தில் சொல்கிறார்கள். இதுவும் அதே மருந்தா?

மறுமொழி 4
எழுதியவர்: லாஸ்பேட்டை மருத்துவர் (ஓய்வு)

நான் மேலே எச்சரித்த டைசோடியம் இ.டி.டி.ஏ.தான் பெரும்பாலும் அது. மாரடைப்பு வந்து மீண்ட 1708 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2013இல் வெளியானபோது, குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களிடம், ஓரளவு பயன் தெரிந்தது. எங்களில் பலருக்கு வியப்பாகவே இருந்தது. அதனால் நீரிழிவு உள்ளவர்களை மட்டும் சேர்த்து மறுபடியும் செய்தார்கள். 2024இல் வந்த முடிவு: ரத்த ஈயம் நன்றாகக் குறைந்தது, மாரடைப்பும் மரணமும் குறையவில்லை. அடைப்பு கரைவதை யாரும் காட்டியதில்லை. மாமனாரை அவருடைய இதய மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

மறுமொழி 5
எழுதியவர்: முத்தியால்பேட்டை அம்மா

இந்த மருந்துகளோடு பதினோரு ஆண்டுகளாக வாழ்ந்துகொண்டிருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். என் மகனுக்குத் தலசீமியா, உடல் போதிய ரத்தத்தை உருவாக்க முடியாத பிறவி நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வருகிறது, அதை வெளியேற்ற மனித உடலுக்கு வழியே கிடையாது. அதனால் அது ஈரலிலும் இதயத்திலும் படிகிறது. சிறு வயதில் வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியைச் செருகி, சிறு பம்ப் வைத்து இரவு முழுக்க டெஸ்ஃபெரால் என்ற இரும்பைக் கவ்வும் மருந்தை ஏற்றுவோம், வாரத்தில் ஐந்து இரவு. மறுநாள் காலையில் சிறுநீர் செம்மண் கலந்தாற்போல் போகும். இரும்பு போகிறது என்று அதைப் பார்த்து மகிழ்ந்த காலம் உண்டு. இப்போது அதே வேலையைச் செய்யும் டெஃபெராசிராக்ஸ் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைத் தண்ணீரில் போட்டுக் கரண்டியால் கலக்கினால் சுண்ணாம்புத் தண்ணீர் போல் ஆகும். குடித்ததும் தம்ளரின் அடியில் தங்கியதைக் கொஞ்சம் நீர் விட்டு அலசி அதையும் குடிக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் இட்லி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மருந்தைக் கொடுப்பவர்கள் எங்களைச் சும்மா விடுவதில்லை. மாதந்தோறும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் கல்லீரல் என்சைம்களும் பார்ப்பார்கள். சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்து மருந்தின் அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கண், காது சோதனை. ஒருமுறை கிரியாட்டினின் சிறிது ஏறியதற்கே மருந்தை நிறுத்திவிட்டார்கள். என் மகனுக்கு உள்ளே வரும் இரும்பை நிறுத்த முடியாது, ரத்தத்தை நிறுத்தினால் உயிர் இல்லை. அதனால் இந்தச் சிரமம். உங்கள் தம்பிக்கு உள்ளே வரும் ஈயத்தை நிறுத்த முடியும். அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். எந்தக் கண்காணிப்பும் இல்லாமல் 20 டிரிப்ஸ், குழந்தைக்கு 10 டிரிப்ஸ் என்று படித்ததும் எனக்குக் கை நடுங்கியது.

மறுமொழி 6
எழுதியவர்: பண்ணுருட்டி பாத்திரக்கடை

ஈயச் சொம்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லால் இரண்டு உலோகங்களைச் சொல்லிவிடுகிறோம், தொல்லை அங்கேதான். ரசச் சொம்பு வெள்ளீயத்தால் செய்வது. பேட்டரியில் இருப்பது காரீயம். நல்ல வெள்ளீயத்தில் ரசம் வைத்துப் பல தலைமுறை சாப்பிட்டிருக்கிறோம். விலை வித்தியாசத்துக்காகக் காரீயத்தைக் கலப்பவர்கள் உண்டு; கலந்தால் புளியின் அமிலம் அதை ரசத்துக்குள் இழுத்துவிடும். என் தந்தை, வாங்கும் பட்டையை வளைத்துக் காதருகே வைத்துக் கேட்பார்: சுத்தமான வெள்ளீயம் வளையும்போது கிறீச்சிடும், காரீயம் ஊமை. சொம்பை வளைக்க முடியாது என்பதால், வெள்ளைக் காகிதத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கோடு போல் சாம்பல் நிறம் படிந்தால் சந்தேகப்பட வேண்டும். எடையிலும் தெரியும்: ஒரு கிலோ வெள்ளீயம் ஏறத்தாழ 137 மில்லி லிட்டர் தண்ணீரைத் தள்ளும், ஒரு கிலோ காரீயம் 88 மட்டுமே தள்ளும். இவை எல்லாம் கடைக்காரன் கைப்பழக்கம். சிறிதளவு கலப்பு இதில் பிடிபடாது. வீட்டில் இப்படி ஓர் எண் வந்தபிறகு சொம்பை உலோகச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, அதுவரை எவர்சில்வரில் ரசம் வைப்பதே நல்லது. மணம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

மறுமொழி 7
எழுதியவர்: மஞ்சக்குப்பம் ஆசிரியை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். நச்சு நீக்க மையத்தில் மருந்தின் பெயரைக் கேட்டோம்; "எங்கள் சொந்தக் கலவை" என்றார்கள், திரும்பி வந்துவிட்டோம். சிறுநீர் சோதனைக்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் நண்டுக் குழம்பு என்பதைத் தம்பி மனைவி நினைவுபடுத்தினாள். பற்பம் எதுவும் அவன் சாப்பிட்டதில்லை.

பெரிய மருத்துவமனையில் நான்கு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். வேலையை நிறுத்துங்கள், இப்போதைக்குக் கவ்வும் மருந்து வேண்டாம், வலி திரும்பினாலோ எண் இறங்காவிட்டாலோ யோசிப்போம் என்றார்கள். தம்பி மரக்காணம் பக்கம் ஒரு நண்பரின் மீன் வண்டியை ஓட்டுகிறான். பத்து நாளில் வயிற்று வலி நின்றது. இப்போது எடுத்த ரத்தத்தில் 49. அவன் மனைவிக்கு 14, கருவுறவில்லை. சொம்பைச் சோதித்ததில் காரீயம் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை என்று வந்தது.

குழந்தைதான் கவலை தருகிறாள். இரும்புச்சத்து குறைவு என்று மருந்து கொடுத்தார்கள், கீரையும் பாலும் முட்டையும் கொடுக்கிறோம், தந்தையின் பழைய வேலை உடைகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டோம். ஆனாலும் 27. குறையாததோடு ஒன்று கூடியிருக்கிறது. இப்போதாவது அவளுக்கு மருந்து கொடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?

மறுமொழி 8
எழுதியவர்: தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர் (முன்னாள்)

அம்மா, மருந்துக்கு முன் நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். 26, 27 இரண்டும் ஆய்வகக் கணக்கில் ஒரே எண்தான். ஆனால் தந்தை வேலையை விட்டு ஒரு மாதத்துக்கு மேலாகியும் குறையவில்லை என்றால் வீட்டுக்குள் தூசி இன்னும் இருக்கிறது என்று பொருள். உள்ளே போகும் ஈயத்தில் பெரியவர்கள் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், நான்கு வயதுக் குழந்தை பாதி அளவு உறிஞ்சும். இரும்பும் கால்சியமும் குறைந்த குழந்தை இன்னும் அதிகம். அவள் தரையில் உட்கார்ந்து விளையாடுகிறாள், கையை வாயில் வைக்கிறாள். அவளுக்குத் தேவையானது ஒரு சிட்டிகைத் தூசி.

தம்பியின் மோட்டார் சைக்கிள் இரவில் எங்கே நிற்கிறது? ஒன்பது ஆண்டு பட்டறையில் நின்ற வண்டியின் சீட் உறையும் கால் மிதியும் டூல் பெட்டியும் தூசிக் கிடங்கு. ஹெல்மெட்டின் உள்பஞ்சைப் பார்த்தீர்களா? அவர் சோறு எடுத்துச் சென்ற பை எங்கே? பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்த பொருள் ஏதேனும், பலகையோ, கயிறோ, சாக்கோ, பிளாஸ்டிக் டப்பாவோ, இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா? பேட்டரியின் பிளாஸ்டிக் ஓட்டை அறுத்துச் செடித்தொட்டி ஆக்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். வீட்டை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்பதும் முக்கியம்: தென்னந்துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழுந்து மறுபடியும் படியும். சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, வேறு வாளியில் அலசி, மறுபடியும் துடைக்க வேண்டும். ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மறுமொழி 9
எழுதியவர்: மஞ்சக்குப்பம் ஆசிரியை

ஐயா, வண்டியை மழைக்காகக் கூடத்துக்குள் நிறுத்துவது வழக்கம். குழந்தையின் பொம்மைகள் அதே சுவரோரம் இருக்கின்றன. இன்று வெளியே எடுத்துக் கழுவச் சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் கேள்வியில் இருந்த ஒரு சொல் என்னை நிறுத்தியது. வாசற்படியில் கால் துடைக்கப் போட்டிருக்கும் சாக்கு பட்டறையிலிருந்து வந்தது. உடைத்த தகடுகளை மூட்டை கட்டிய சாக்கு. தடிமனாக இருக்கிறது என்று தம்பி இரண்டு ஆண்டுக்கு முன் கொண்டுவந்தான். வீட்டிலுள்ள எல்லோரும் அதில் காலைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறோம். இன்று அதை எடுத்துத் தட்டப்போன தம்பி மனைவியை ஓடிப்போய்த் தடுத்தேன். அதை எரித்துவிடலாமா?

மறுமொழி 10
எழுதியவர்: தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர் (முன்னாள்)

எரிக்கக் கூடாது. சாக்குதான் எரியும், ஈயம் எரிந்து அழியாது; பாதி புகையில், பாதி சாம்பலில் தங்கும். தட்டாமல், உதறாமல், தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுருட்டி, கெட்டியான பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை மற்றொரு பைக்குள் வைத்துக் கட்டுங்கள். வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்டு, அனுமதி பெற்ற ஈய மறுசுழற்சி ஆலையிடம் கொடுப்பதுதான் முறை. குழந்தையின் மருத்துவரிடம் இந்தச் சாக்கைப் பற்றிச் சொல்லுங்கள். மருந்து வேண்டுமா என்பதை அடுத்த மாதத்து எண்ணைப் பார்த்து அவர் முடிவு செய்யட்டும். வாசற்படி, கூடம், வண்டி நின்ற இடம் மூன்றையும் ஒரு வாரம் தினமும் ஈரத்துணியால் துடையுங்கள். துடைத்த தண்ணீரைத் தோட்டத்தில் கொட்டாமல் கழிப்பறையில் ஊற்றுங்கள்.

மறுமொழி 11
எழுதியவர்: மஞ்சக்குப்பம் ஆசிரியை

இவ்வளவு நாளும் முருங்கை மரத்தடியில்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். குழந்தைக்குக் கொடுக்கும் கீரையும் அந்த மரத்தில் பறித்ததுதான். இன்றே நிறுத்திவிடுகிறேன்.